அமெரிக்கக் கல்லூரி வீரர்களுக்குக் கொடுத்த வாக்கு ஏன் நிற்பதில்லை?

2022 டிசம்பர் 5-ஆம் தேதி ஜேடன் ரஷாடாவின் கணக்கில் 5 லட்சம் டாலர் ஏறியிருக்க வேண்டும். ஏறவில்லை. அப்போது அவர் கலிஃபோர்னியாவின் பிட்ஸ்பர்க் என்ற ஊரில் பள்ளிப் படிப்பை முடித்துக்கொண்டிருந்த பையன். அமெரிக்கக் கால்பந்தில் குவார்ட்டர்பேக், அதாவது ஆட்டத்தை நடத்திச் செல்பவர். அவரைத் தங்கள் பக்கம் இழுக்கப் பெரிய பல்கலைக்கழகங்கள் போட்டி போட்டன. ஃபுளோரிடா பல்கலைக்கழகத்துக்கு விளையாட வந்தால் நான்கு ஆண்டுகளில் மொத்தம் 1 கோடியே 38 லட்சத்து 50 ஆயிரம் டாலர், ரூபாயில் நூறு கோடிக்கு மேல், தருவதாக ‘கேட்டர் கலெக்டிவ்’ என்ற அமைப்பு எழுத்திலேயே ஒப்பந்தம் போட்டிருந்தது. முதல் தவணைக்குப் பதிலாக, ஒப்பந்தம் ரத்து என்ற கடிதம்தான் வந்தது.

அதற்கு அப்புறம் நடந்ததாக ரஷாடா நீதிமன்றத்தில் சொல்வது இன்னும் கசப்பானது. வீரர்கள் கல்லூரியை உறுதி செய்து கையெழுத்திடும் நாள் டிசம்பர் 21. அன்று ஃபுளோரிடாவுக்குக் கையெழுத்துப் போட்டால் 10 லட்சம் டாலர் கிடைக்கும் என்று தலைமைப் பயிற்சியாளர் பில்லி நேப்பியரின் தரப்பிலிருந்து தன் தந்தைக்கு உறுதி வந்தது என்கிறார். கையெழுத்துப் போட்டார். பணம் வரவில்லை. 2023 ஜனவரியில் தன்னை விடுவிக்கும்படி கேட்டு வெளியேறி, தந்தை முன்பு விளையாடிய அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். 2024 மே மாதம் நேப்பியர் மீதும், பல்கலைக்கழகத்தின் பெரும் புரவலரான ஹியூ ஹாத்காக் மீதும், கால்பந்து அணியின் நிர்வாகத்தில் இருந்த இன்னொருவர் மீதும் மோசடி வழக்குத் தொடுத்தார். அவர்கள் அதை எதிர்த்து வாதாடினார்கள்.

இதைப் பேராசைக்காரப் பையனின் கதையாகச் சொல்லிக் கடந்துபோனவர்கள் நிறைய. எனக்கு அப்படித் தோன்றவில்லை. இவ்வளவு பெரிய தொகையை ஒரு பள்ளி மாணவனிடம் சொல்லிவிட்டு, யாரும் பொறுப்பேற்காமல் போக முடிந்தது எப்படி என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி. அதற்குப் பதில் தனி மனிதர்களின் குணத்தில் இல்லை. அந்த விளையாட்டு உலகம் எழுதி வைத்திருந்த விதிகளில் இருக்கிறது.

நம் வாசகர்களுக்கு முதலில் ஒரு விஷயத்தை விளக்க வேண்டும். நம்மூரில் கல்லூரி அணி என்றால் மண்டலப் போட்டி, ஒரு கோப்பை, நாளிதழின் உள்பக்கத்தில் ஒரு படம். அங்கே அப்படியில்லை. மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் கால்பந்து மைதானத்தில் மட்டும் ஒரு லட்சத்துக்கும் அதிகமானவர்கள் உட்காரலாம். ‘பிக் டென்’ என்ற கல்லூரிக் கூட்டமைப்பு 2022-இல் தொலைக்காட்சி நிறுவனங்களோடு போட்ட ஏழாண்டு ஒப்பந்தத்தின் மதிப்பு சுமார் 700 கோடி டாலர். கல்லூரிக் கூடைப்பந்தின் மார்ச் மாதப் போட்டித்தொடருக்கு ஒளிபரப்பு உரிமை 2010-இல் 14 ஆண்டுகளுக்கு 1,080 கோடி டாலருக்குப் போனது. பிறகு இன்னும் எட்டு ஆண்டுகளுக்கு 880 கோடிக்கு நீட்டிக்கப்பட்டது. இந்தப் பணத்தில் பயிற்சியாளர்கள் சிலர் ஆண்டுக்கு ஒரு கோடி டாலருக்கு மேலும் வாங்கினார்கள், மைதானங்கள் புதிதாக எழும்பின. ஆடியவர்களுக்குப் படிப்பும் தங்குமிடமும் சாப்பாடும்.

வேண்டாம் என்று வேறு வழியில் போய்விடவும் முடியாது. பள்ளி முடித்து மூன்று ஆண்டுகள் ஆகாமல் தொழில்முறைக் கால்பந்து லீக்கான என்எஃப்எல்லில் நுழைய முடியாது. என்பிஏ கூடைப்பந்திலும் வயது வரம்பு உண்டு. ஆக, திறமையான பதினெட்டு வயதுக்காரர் பெரும்பாலும் கல்லூரியின் வாசல் வழியாகத்தான் போக வேண்டும். அந்த வாசலைக் காவல் காத்தது என்சிஏஏ என்ற தேசியக் கல்லூரி விளையாட்டுச் சங்கம்.

அதன் காவல் எவ்வளவு கறாரானது என்பதற்கு ஒரு சம்பவம் போதும். 2010-இல் ஜார்ஜியா பல்கலைக்கழக வீரர் ஏ.ஜே. கிரீன், தான் அணிந்து ஆடிய சட்டையை 1,000 டாலருக்கு விற்றார். நான்கு ஆட்டங்களுக்குத் தடை விதித்தார்கள். அதே எண் பொறித்த சட்டைகளைப் பல்கலைக்கழகம் கடையில் விற்பதற்கு எந்தத் தடையும் இருக்கவில்லை.

இந்த அநியாயத்தை முதலில் நீதிமன்றத்தில் உலுக்கியவர் எட் ஓ’பேனன். 1995-இல் லாஸ் ஏஞ்சல்ஸில் உள்ள யுசிஎல்ஏ பல்கலைக்கழகத்தின் கூடைப்பந்து அணியோடு தேசியச் சாம்பியன் ஆனவர். ஆண்டுகள் கழித்து, தெரிந்தவர் வீட்டு வீடியோ கேமில் தன்னையே பார்த்தார்: அதே உடல்வாகு, அதே சட்டை எண், இடது கையால் போடும் அதே வீச்சு. பெயர் மட்டும் இல்லை, காசும் இல்லை. 2009-இல் வழக்குப் போட்டார். 2014-இல் நீதிபதி கிளாடியா வில்கென், வீரர்களின் பெயருக்கும் உருவத்துக்கும் பணம் தரக்கூடாது என்ற விதி போட்டிச் சட்டத்துக்கு முரணானது என்று தீர்ப்பளித்தார். மேல்முறையீட்டில் அந்தத் தீர்ப்பு பாதியாகக் குறைக்கப்பட்டாலும் சுவரில் விரிசல் விழுந்துவிட்டது.

2019 செப்டம்பர் இறுதியில் கலிஃபோர்னியா ஆளுநர் கவின் நியூசம் ஒரு சட்டத்தில் கையெழுத்திட்டார். கூடைப்பந்து நட்சத்திரம் லெப்ரான் ஜேம்ஸின் தொலைக்காட்சி நிகழ்ச்சியில் உட்கார்ந்துகொண்டே இட்ட கையெழுத்து அது. கல்லூரி வீரர்கள் தங்கள் பெயரையும் படத்தையும் வைத்து விளம்பரத்தில் சம்பாதிக்கலாம், கல்லூரி அதைத் தடுக்கக் கூடாது என்றது அந்தச் சட்டம். ஒரு மாதத்துக்குள் என்சிஏஏ இறங்கி வந்தது. அதன் ஆட்சிக்குழு ஒருமனதாக வாக்களித்து, 2021 ஜனவரிக்குள் விதிகளை மாற்றித் தருகிறோம் என்று அறிவித்தது.

இந்த விவகாரத்தில் மீறப்பட்ட முதல் பெரிய வாக்கு அதுதான். பயிற்சியாளர்களும் புரவலர்களும் பின்னாளில் சொன்னதெல்லாம் அதற்கு அப்புறம். 2021 ஜனவரி வந்தது. மத்திய அரசின் நீதி அமைச்சகத்திலிருந்து வந்த ஒரு கடிதத்தைக் காரணம் காட்டி, வாக்கெடுப்பைத் தேதி குறிப்பிடாமல் தள்ளிவைத்தார்கள். அந்த ஜூன் மாதம், வீரர்களின் கல்வி சார்ந்த சலுகைகளுக்கு என்சிஏஏ போட்ட வரம்பை எதிர்த்த ஆல்ஸ்டன் வழக்கில், உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகளும் ஒரே குரலாக என்சிஏஏவுக்கு எதிராகத் தீர்ப்பளித்தார்கள். என்சிஏஏ சட்டத்துக்கு மேலானது அல்ல என்று நீதிபதி கவனா தனியாகவும் எழுதினார். கலிஃபோர்னியாவைப் பின்பற்றி வேறு பல மாநிலங்கள் இயற்றிய சட்டங்கள் ஜூலை 1-ஆம் தேதி அமலாக இருந்தன. அதற்கு முந்தைய நாள், அவசரமாக, ஒரு இடைக்கால ஏற்பாட்டை வெளியிட்டது சங்கம். வீரர்கள் விளம்பரத்தில் சம்பாதித்துக்கொள்ளலாம். ஆனால் ஆடுவதற்காகப் பணம் தரக்கூடாது. ஒரு கல்லூரியைத் தேர்ந்தெடுப்பதற்குத் தூண்டுதலாகவும் தரக்கூடாது. சுருக்கமாக இவ்வளவுதான். யார் கண்காணிப்பது, ஒப்பந்தம் எப்படி இருக்க வேண்டும், முகவர்களுக்கு என்ன தகுதி என்று எதுவும் சொல்லவில்லை. ஒன்றரை ஆண்டு அவகாசத்தை வீணடித்துவிட்டுப் பதினெட்டு வயதுப் பிள்ளைகளைச் சந்தையில் இறக்கிவிட்டார்கள்.

அந்த வெற்றிடத்தில் முளைத்தவைதான் கலெக்டிவ்கள். ஒரு பல்கலைக்கழகத்தின் பணக்கார ரசிகர்களும் பழைய மாணவர்களும் காசு போட்டு ஓர் அமைப்பைத் தொடங்குவார்கள். அது வீரரோடு ‘விளம்பர ஒப்பந்தம்’ போடும்: சமூக ஊடகத்தில் நான்கு பதிவு, ஒரு ரசிகர் சந்திப்பு, சில கையெழுத்துகள். அதற்கு லட்சங்கள். காகிதத்தில் அது விளம்பரம். உண்மையில் அது அந்த அணிக்கு ஆடுவதற்கான கூலி என்று எல்லோருக்கும் தெரியும்.

சிக்கல் இங்கேதான் இருக்கிறது. வீரரை வரவழைக்கப் பணம் பேசுபவர் பயிற்சியாளர். ஆனால் விதிப்படி அவர் பணம் பேசவே கூடாது. ஃபுளோரிடா மாநிலச் சட்டமும் கல்லூரித் தரப்பு இதில் தலையிடுவதைத் தடுத்திருந்தது. 2023 பிப்ரவரியில்தான் அதைத் தளர்த்தினார்கள், ரஷாடா வெளியேறிய பிறகு. ஆக, பேசுபவர் எழுதித் தர மாட்டார். எழுதித் தருவது கலெக்டிவ். கலெக்டிவ்வுக்கும் பல்கலைக்கழகத்துக்கும் சட்டப்படி தொடர்பு இல்லை. கலெக்டிவ்வின் கையில் இருப்பதோ, எந்த நேரமும் மனம் மாறக்கூடிய நாலைந்து புரவலர்களின் நன்கொடை. கேட்டர் கலெக்டிவ்வின் ஒப்பந்தத்தில், தான் விரும்பினால் ரத்து செய்துகொள்ளும் உரிமை அதற்கு இருந்தது. ஆனால் கல்லூரியில் சேர்வதற்கான உறுதிக் கடிதத்தில் கையெழுத்துப் போடும் வீரர் கட்டுண்டுவிடுவார். அவர் மாற வேண்டுமென்றால் கல்லூரி விடுவிக்க வேண்டும். ஒருவரைக் கட்டிப்போட்டு மற்றவரை அவிழ்த்துவிட்ட ஏற்பாடு. அந்த உறுதிக் கடித முறையையே 2024 அக்டோபரில்தான் கைவிட்டார்கள்.

வாக்குறுதியைத் தடை செய்த விதி, வாக்குறுதியைத் தடுக்கவில்லை. அதை எழுத்தில் வராமல் மட்டும் தடுத்தது. பாதுகாப்பு யாருக்குப் போனது என்று பாருங்கள்: ‘அப்படி நான் சொல்லவே இல்லை, சொல்ல எனக்கு அனுமதியும் இல்லை’ என்று பின்னால் சொல்லக் கூடியவருக்கு.

2024 செப்டம்பரில் லாஸ் வேகஸில் நடந்தது இதையே காட்டியது. நெவாடா பல்கலைக்கழகத்தின் லாஸ் வேகஸ் அணி மூன்றுக்கு மூன்று வென்று நல்ல வேகத்தில் இருந்தது. அணியின் குவார்ட்டர்பேக் மாத்யூ ஸ்லூகா திடீரென்று, இனி இந்தப் பருவத்தில் ஆட மாட்டேன் என்று அறிவித்தார். தன்னை அணிக்கு அழைத்தபோது ஓர் உதவிப் பயிற்சியாளர் 1 லட்சம் டாலர் தருவதாகச் சொன்னார், கைக்கு வந்தது 3,000 டாலர்தான் என்றது அவருடைய முகவர் தரப்பு. அந்த அணியின் கலெக்டிவ், முறையான ஒப்பந்தம் எதுவும் எங்களோடு இல்லை என்றது. பல்கலைக்கழகமோ, அவர் பணம் கேட்டதே என்சிஏஏ விதிக்கு விரோதம் என்று அறிக்கை விட்டது. கொடுப்பதாகச் சொன்னார்கள் என்பதை நிரூபிக்கக் காகிதம் இல்லை, கேட்டால் விதிமீறல். நான்கு ஆட்டங்களுக்கு மேல் ஆடியிருந்தால் அந்த ஆண்டின் தகுதியே கரைந்துபோயிருக்கும், அதனால்தான் மூன்றோடு நிறுத்தினார். அணித் தோழர்களை நடுவில் விட்டுப் போனதற்காக அவரைத் திட்டித் தீர்த்தார்கள். மாதக்கணக்கில் சம்பளம் வராத வேலையிலிருந்து நின்ற யாரையும் நாம் அப்படித் திட்டுவதில்லை.

ஃபுளோரிடா மாநிலப் பல்கலைக்கழகத்தின் கூடைப்பந்து அணியில் இது ஒருவரோடு நிற்கவில்லை. ஆறு முன்னாள் வீரர்கள் 2024 டிசம்பர் இறுதியில் தங்கள் நீண்டகாலப் பயிற்சியாளர் லெனர்ட் ஹாமில்டன் மீது வழக்குத் தொடுத்தார்கள். ஆளுக்கு 2,50,000 டாலர் தன் தொழில் கூட்டாளிகள் மூலம் கிடைக்கும் என்று அவர் சொன்னதாகவும், வரவேயில்லை என்றும் மனுவில் சொல்கிறார்கள். 2024 பிப்ரவரியில் ஒரு நாள் பயிற்சியைப் புறக்கணித்தார்கள். டியூக் அணிக்கு எதிரான ஆட்டத்தையே விட்டு வெளியேறப் பார்த்தார்கள். மீண்டும் உறுதி கிடைத்ததால் ஆடினோம் என்கிறார்கள்.

எழுத்தில் வந்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடுமா என்றால், இல்லை. ஃபுளோரிடா பல்கலைக்கழகத்தின் ஜெர்வான் டெக்ஸ்டர் 2022-இல் ‘பிக் லீக் அட்வான்ஸ்’ என்ற நிறுவனத்திடம் எழுத்தில்தான் கையெழுத்திட்டார். கையில் கிடைத்தது 4,36,485 டாலர். பதிலுக்கு, என்எஃப்எல்லில் சம்பாதிக்கப் போவதில் வரிக்கு முன் 15 சதவீதம், 25 ஆண்டுகளுக்கு. மறு ஆண்டே சிகாகோ பேர்ஸ் அணி அவரைத் தேர்ந்தெடுத்தது. மாணவராக ஆடும் காலத்தைத் தாண்டி இத்தகைய ஒப்பந்தம் நீளக்கூடாது என்று ஃபுளோரிடா சட்டம் சொன்னதைக் காட்டி அவர் வழக்குப் போட்டார். பக்கத்தில் ஒரு நல்ல வழக்கறிஞர் இருந்திருந்தால் அந்தக் காகிதத்தைத் தொட விட்டிருக்க மாட்டார். தொழில்முறை லீக்குகளில் முகவராக வீரர் சங்கத்தின் சான்று வேண்டும். கல்லூரி வீரருக்கு அப்படி ஒரு சங்கமே இல்லை.

பயிற்சியாளர்களுக்குக் கொடுத்த வாக்கு மட்டும் எப்படிக் காப்பாற்றப்படுகிறது என்று பார்த்தால் கோபம்தான் வருகிறது. டெக்சஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகம் 2023 நவம்பரில் ஜிம்போ ஃபிஷரைப் பணிநீக்கம் செய்தபோது, மீதிக் காலத்துக்கு அவருக்குத் தர வேண்டியிருந்த தொகை சுமார் 7 கோடியே 60 லட்சம் டாலர். வேலை செய்யாமல் இருப்பதற்கு. 2025 அக்டோபரில் ஃபுளோரிடா தோல்விகளுக்காக நேப்பியரை அனுப்பியபோது அவருடைய ஒப்பந்தப்படியான தொகை சுமார் 2 கோடியே 10 லட்சம் டாலர். அது அவர் உரிமை, ஒப்பந்தத்தில் இருக்கிறது, கொடுக்கத்தான் வேண்டும். அதே பல்கலைக்கழகத்தின் சுற்றுவட்டத்தில், அதே காலத்தில் எழுதப்பட்ட ரஷாடாவின் ஒப்பந்தம் ஏன் ஒரு கடிதத்தில் ஒன்றுமில்லாமல் போனது? பயிற்சியாளரின் பின்னால் வழக்கறிஞரும் முகவரும் ஊழியர் என்ற அந்தஸ்தும் இருக்கின்றன. வீரரிடம் அவற்றில் ஒன்றும் இருக்கவில்லை.

வீரர்களும் வாக்கு மாறுகிறார்களே என்பார்கள். உண்மைதான். டென்னசி பல்கலைக்கழகத்தின் நீக்கோ யமலியாவா, பெரும் ஒப்பந்தத்தோடு வந்தவர், 2025 ஏப்ரலில் பணப் பேச்சு முறிந்து யுசிஎல்ஏவுக்குப் போனார். அணி மாறும் விதிகள் 2021-இலும் 2024-இலும் தளர்ந்த பிறகு ஆண்டுக்கு ஒரு கல்லூரி என்று சுற்றுபவர்களும் இருக்கிறார்கள். ரசிகர்களின் வருத்தம் எனக்குப் புரிகிறது. ஆனால் வீரர் வாக்கு மாறினால் என்ன நடக்கிறது என்பதையும் பாருங்கள். ஜார்ஜியாவில் ஆடிய டேமன் வில்சன் 2024 டிசம்பரில் அந்த அணியின் கலெக்டிவ்வோடு 5 லட்சம் டாலர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார். 30,000 டாலர் வாங்கிய நிலையில் மிசௌரி பல்கலைக்கழகத்துக்கு மாறினார். ஒப்பந்தத்தின் விலகல் விதியைக் காட்டி 3,90,000 டாலர் தர வேண்டும் என்று ஜார்ஜியாவின் விளையாட்டுச் சங்கம் சட்ட நடவடிக்கையில் இறங்கியது. வாங்கியதைப் போலப் பதின்மூன்று மடங்கு. கல்லூரிப் பக்கம் பாதிக்கப்பட்டால் ஒப்பந்தத்துக்கு உயிர் வந்துவிடுகிறது.

வெளிநாட்டு மாணவர்களின் நிலை தனி. நம் பிள்ளைகள் ஏராளமானோர் போகும் அதே எஃப்-1 விசாவில்தான் அந்த வீரர்களும் இருக்கிறார்கள். வெளி வேலைக்கு அதில் கடும் கட்டுப்பாடு. கனடாவிலிருந்து பர்டியூ பல்கலைக்கழகத்துக்கு வந்து நாட்டின் சிறந்த கல்லூரிக் கூடைப்பந்து வீரராகத் தேர்வான சாக் ஈடியால், தன் சக வீரர்கள் சம்பாதித்ததைப் போல அமெரிக்க மண்ணில் விளம்பரத்தில் சம்பாதிக்க முடியவில்லை. அவர்களுக்கு வாக்குக் கொடுக்கக்கூட ஆள் இல்லை.

2025 ஜூன் 6-ஆம் தேதி ஒரு பெரிய மாற்றம் வந்தது. அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகத்தின் நீச்சல் வீரர் கிராண்ட் ஹவுஸ் 2020-இல் தொடுத்த வழக்கில், அதே நீதிபதி வில்கென் சமரசத் தீர்வுக்கு ஒப்புதல் தந்தார். 2016-இலிருந்து ஆடியவர்களுக்குப் பத்து ஆண்டுகளில் சுமார் 280 கோடி டாலர் இழப்பீடு. இனி கல்லூரிகளே நேரடியாக வீரர்களுக்குப் பணம் தரலாம். முதல் ஆண்டில் ஒரு கல்லூரிக்கு உச்சவரம்பு 2 கோடியே 5 லட்சம் டாலர். இழப்பீட்டில் மிகப் பெரும் பகுதி ஆண்கள் கால்பந்துக்கும் கூடைப்பந்துக்கும் போகிறது என்று பெண் வீரர்கள் சிலர் உடனே மேல்முறையீடு செய்தார்கள். அவர்களின் கேள்வியில் நியாயம் இருக்கிறது.

பணம் தருபவரும் வாக்குக் கொடுப்பவரும் இப்போது ஒருவரே என்பது பெரிய முன்னேற்றம். பயிற்சியாளர் பேசியதைக் கல்லூரி காகிதத்தில் எழுதலாம். ஆனால் அந்தக் காகிதங்களில் என்ன எழுதியிருக்கிறது? இது ஆடுவதற்கான கூலி அல்ல, பெயரையும் உருவத்தையும் பயன்படுத்துவதற்கான கட்டணம். வீரர் ஊழியர் அல்ல. ஊழியர் அல்ல என்றால் தொழிலாளர் துறையிடம் போக முடியாது, சம்பளப் பாக்கி என்று புகார் செய்ய முடியாது, சங்கமாகக் கூடிப் பேரம் பேச முடியாது. டார்ட்மவுத் கல்லூரியின் கூடைப்பந்து வீரர்கள் 2024 மார்ச்சில் 13-க்கு 2 என்று வாக்களித்துச் சங்கம் அமைத்தார்கள். ஆண்டு முடிவதற்குள் முயற்சியைத் திரும்பப் பெற வேண்டியதாயிற்று. வீரர்களை ஊழியர்களாகக் கருதக் கூடாது என்று சட்டமாகவே எழுத 2025 ஜூலையில் அமெரிக்கக் காங்கிரஸில் ஒரு மசோதாவும் வந்தது.

உச்சவரம்புக்கு மேல் கொடுக்க நினைக்கும் கல்லூரிகள் திரும்பவும் வெளியார் பணத்தைத்தான் நாடுகின்றன. 600 டாலர் அல்லது அதற்கு மேற்பட்ட ஒவ்வொரு வெளி ஒப்பந்தத்தையும் ‘என்ஐஎல் கோ’ என்ற இணையத் தளத்தில் பதிய வேண்டும். டெலாய்ட் நிறுவனம் உருவாக்கிய தளம் அது. உண்மையான வணிக நோக்கம் இருக்கிறதா, தொகை சந்தை மதிப்புக்கு ஏற்றதா என்று பார்த்து, புதிதாக அமைக்கப்பட்ட கல்லூரி விளையாட்டு ஆணையம் ஒப்புதல் தரும், அல்லது மறுக்கும். ஒரு பயிற்சியாளர் இன்று ஒரு மாணவரிடம், கல்லூரி இவ்வளவு தரும், மீதியை வெளி நிறுவனம் ஒன்று தரும் என்று சொல்லலாம். மாணவர் சேர்ந்த பிறகு அந்த மீதி ஒப்பந்தம் நிராகரிக்கப்பட்டால் அதை யார் ஈடுகட்டுவது? ஒப்பந்தத்தில் அதற்கு ஒரு வரி இருக்கிறதா என்று, கையெழுத்துக்கு முன்னால், மாணவரின் வீட்டார்தான் கேட்டாக வேண்டியிருக்கிறது.